கம்பத்தில் இல்லாத தண்ணீர்

ஆற்றுப் பாலத்தடியில் நிற்கும் அளவுக்கம்பத்தில் நீர்மட்டத்தைக் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுவாள் அவள். ஊருக்கே கம்பத்தக்கா. மாமனார் பார்த்த வேலை, பிறகு புருஷன் பார்த்தது, அவர் போனபின் இவள் கைக்கு வந்து இருபத்தாறு வருஷம்.

வெளிநாட்டு உதவியில் அங்கே பிரசவ ஆஸ்பத்திரி கட்ட வந்தார்கள். மாறிக்கொண்டு வரும் மழைவெள்ளத்தையும் கணக்கில் வைத்துத்தான் எதையும் கட்டவேண்டும் என்பது உதவி கொடுத்தவர்கள் பேச்சு. அதனால் இன்ஜினியர் அக்காவின் நோட்டுகளைப் புரட்டினார்.

"பதினோரு வருஷமா வெள்ளம் அஞ்சு மீட்டரைத் தாண்டலை. ஆறு அடங்கிப்போச்சு. தரையை ஆறு மீட்டர்ல வச்சாப் போதும்."

அது தப்பு என்று அக்காவுக்குத் தெரியும். பதினோரு வருஷம் முன்பு வெள்ளம் அடித்து வந்த மரம் ஒன்று எட்டு மீட்டர் கம்பத்தை முறித்தபின், புதுசாக நட்டது அஞ்சு மீட்டரோடு நின்றுவிட்டது. அதற்குமேல் தண்ணீர் போனால் என்ன எழுத? "கம்பத்துல இல்லாததை எழுதாதே, அஞ்சுன்னு போடு" என்றார் அப்போதைய மேலதிகாரி. போட்டாள். இப்போது வாயைத் திறந்தால் பொய்க்கணக்கு எழுதியவள் ஆவாள். பென்ஷனுக்கு ஏழே மாசம். திறக்காவிட்டால் பிள்ளை பெற வந்தவள் கட்டிலோடு மிதப்பாள்.

புருஷனின் கடைசித் தங்கை, ஊரின் பழைய ஆஸ்பத்திரியில் ஆயா, பக்கத்தில்தான் நின்றாள். "என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"நீ சும்மா இருடி." இன்ஜினியரிடம் திரும்பினாள். "ஐயா, ஆறு அடங்கலை. கம்பம்தான் குட்டை."

நோட்டின் ஓரங்களைக் காட்டினாள். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பென்சிலில் பொடியாக ஒரு குறிப்பு: படி ஏழு, படி பதினொன்று, போன வருஷம் பதினாலு. கம்பம் முடிகிற மட்டத்தில்தான் ஆற்றங்கரைப் பம்ப் ஹவுஸின் முதல் படி. தண்ணீர் எத்தனை படி ஏறியது என்று மனசு கேட்காமல் குறித்து வைத்திருந்தாள்.

"ஏம்மா இதை இத்தனை நாள் சொல்லலை?"

"கேட்டவங்க எல்லாரும் கம்பத்தைத்தானே கேட்டாங்க."

இன்ஜினியர் டேப்பைப் பிடித்துப் படிகளை அளந்தார். போன வருஷ வெள்ளம் ஏழரை மீட்டரைத் தொட்டிருந்தது. ஆஸ்பத்திரித் தரை ஒன்பதுக்கு ஏறியது. விசாரணையும் வந்தது, அந்தப் பென்சில் எழுத்தே அவளுக்குச் சாட்சி சொல்லிக் காப்பாற்றியது.

பென்ஷன் வாங்கிய மறுவருஷம் பெருவெள்ளம். குடையோடு போய்ப் பம்ப் ஹவுஸ் படிகளை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, இப்போது புது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நாத்தனார் அங்கிருந்து போன் போட்டாள்.

"அண்ணி, அங்க எத்தனை?"

"பதினாறு முங்கிருச்சு. அங்க?"

"எங்க வாசல்ல ஏழு படி காஞ்சே கிடக்கு. உள்ளே ரெண்டு பிரசவம் ஆச்சு. நீங்க நனையாம வீட்டுக்குப் போங்க."

"இரு, பதினேழை ஒரு பார்வை பார்த்துட்டுப் போறேன்."