மனைவி இல்லை என்று சொன்னவர்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருந்த இருநூறு தையல் மெஷின்களுக்கும் அவர்தான் வைத்தியர். எது நூலை அறுக்கிறது, எது தையலைத் தாண்டித் தாண்டிப் போடுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டில் மட்டும் அவருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை: ‘சரி’. அதனால் தொழிற்சாலையிலும் அவர் ‘சரி அண்ணன்’ ஆகிவிட்டார்.

அவர் மனைவி பெண்கள் விடுதியில் வார்டன். நூற்றிருபது பெண்களை ஒரு பார்வையில் அடக்குகிறவளுக்கு ஒரு கணவர் எம்மாத்திரம்!

இரண்டு வருடங்களுக்கு முன் யாரோ போனில், “பேங்க்லேருந்து பேசறோம்” என்று தேனொழுகப் பேச, இந்த அப்பாவி மனிதர் கார்டின் எண்களையெல்லாம் ஒப்பித்துவிட்டார். மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்ததில் பாதி போயிற்று. வார்டன் அன்று கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவர் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

“இனிமே கார்டைப் பத்தி யார் கேட்டாலும் ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிட்டு போனை வைக்கணும். என்மேல சத்தியம்.”

“சரி” என்றார்.

இப்போது அந்த மகள் வெளிநாட்டில், நிறைமாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளை கப்பல் வேலையில் நடுக்கடலில் இருந்தார். இருவர் போக வசதியில்லை. வார்டன் மட்டும், ரொக்கம் தொலைந்துவிடும் என்று பயந்து, கார்டை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினாள். போகிற இடத்தில் ஏ.டி.எம். மெஷினில் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

மறுநாள் மதியம், ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது.

“சார், உங்க ஜாயிண்ட் அக்கவுண்ட் கார்டுல வெளிநாட்டுல பணம் எடுக்கப் பார்த்திருக்காங்க. உங்க மனைவி அங்க போயிருக்காங்களா?”

சரி அண்ணனின் முதுகு நிமிர்ந்தது.

“எனக்கு மனைவியே இல்லைம்மா.”

“அக்கவுண்ட்ல பேர் இருக்கே சார்?”

“அது யாரோ. நான் கல்யாணமே பண்ணிக்கலை.”

வெற்றியோடு போனை வைத்தார். பக்கத்து மேஜையில் துணி வெட்டிக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். “அடப்பாவி! அண்ணி விமானம் ஏறி முழுசா ஒரு நாள் ஆகலை. அதுக்குள்ள பிரம்மச்சாரி ஆயிட்டியா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு.”

பத்து நிமிடத்தில் மறுபடி போன். இந்த முறை அவளே.

“என்னங்க...” அந்தக் குரல் நடுங்கி அவர் கேட்டதே இல்லை. “நாலு மெஷின்ல போட்டுட்டேன். எல்லாம் கார்டைத் துப்புது. பொண்ணு இருக்கற ஊருக்குக் கடைசி பஸ் இன்னும் அரை மணி நேரத்துல. டிரைவர் ரொக்கம் மட்டும்தான் வாங்குவாராம். நாளைக்குக் காலைல அவளுக்கு ஆபரேஷன். அம்மா எங்கே, அம்மா எங்கேன்னு போன் பண்ணிட்டே இருக்கா. நான் இங்க பஸ் ஸ்டாண்ட்ல பிச்சைக்காரி மாதிரி நிக்கறேன்!”

“நீ பயப்படாதே. எவளோ உன் கார்டைப் பத்தி விசாரிச்சா. நான் ஏமாறலையே! எனக்குப் பொண்டாட்டியே இல்லைன்னு சொல்லிட்டேன்.”



“அது நிஜமான பேங்க்குங்க” என்றாள், மிக மெதுவாக. “நீங்க சொன்னதை நம்பி என் கார்டை முடக்கிட்டாங்க.”

சரி அண்ணனுக்குத் தொழிற்சாலையே ஒரு சுற்றுச் சுற்றியது. இவர் காட்டிய விசுவாசம், பெற்ற மகளுக்கும் தாய்க்கும் நடுவே சுவராக எழுந்து நின்றுவிட்டதே!

“திரும்பக் கூப்பிட்டா எடுத்து உண்மையைச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். வர்ற போனை நம்பாதீங்க. உங்க கார்டுக்குப் பின்னாடி ஒரு நம்பர் இருக்கும். அதுக்கு நீங்களே பண்ணுங்க. அவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. ரகசிய நம்பரை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. மீதி சத்தியத்தை நான் திரும்ப வாங்கிக்கிட்டேன்.”

எண்ணெய்க் கையோடு அழைத்தார். ஐந்தாறு நிமிடம் காத்திருந்தபின் ஒரு பெண் எடுத்தாள்.

“அம்மா, கொஞ்சம் முன்னாடி யாரோ பேசினாங்க. பொண்டாட்டி இல்லைன்னு சொன்னது நான்தான்.”

“இப்போ இருக்காங்களா சார்?”

“இருக்காம்மா. இருபத்தொன்பது வருஷமா இருக்கா.”

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்டாள். தடுமாறாமல் சொன்னார். பிறகு கேட்டாள்: “அவங்க ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள் ரெண்டு கடையில கார்டு போட்டிருக்காங்க. எந்தக் கடைன்னு சொல்ல முடியுமா?”

“ஒண்ணு மருந்துக் கடை. எனக்கு மூணு மாசத்துக்கு பிரஷர் மாத்திரை.”

“சரி. இன்னொண்ணு?”

அவருக்குத் தெரியவில்லை. குழந்தைத் துணிக்கடை என்று சொல்ல வாயெடுத்தார். அது ரொக்கம், இவரே கூட நின்றார். வேறென்ன வாங்கினாள்? அவர் பார்வை கலங்கியது. துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார்.

முந்தா நாள் மாலை அவள் கொண்டுவந்து மாட்டிவிட்ட கண்ணாடி. “விடுதியில இலவச கண் முகாம். உங்க பழைய சீட்டைக் காட்டி வாங்கினேன்” என்றிருந்தாள். பயணத்துக்குச் சேர்த்த பணத்தில் ஒரு காசுகூடத் தனக்குச் செலவழிக்க விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியாதா?

“கண்ணாடிக் கடைம்மா” என்றார். “என்கிட்ட பொய் சொல்லிட்டா.”

“சரியான பதில் சார். கார்டைத் திறந்துட்டேன். இனிமே வெளிநாடு போறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அங்க மெஷின் ‘உங்க நாட்டுப் பணத்துல கணக்குப் போடவா’ன்னு கேட்டா வேண்டாம்னு அழுத்தச் சொல்லுங்க. இல்லைன்னா கூடுதலா பிடிச்சுடும்.”

மூச்சு விடாமல் அதை அப்படியே மனைவியிடம் ஒப்பித்தார். அடுத்த பத்து நிமிடம் அவர் எந்த மெஷினையும் தொடவில்லை. கட்டிங் மாஸ்டரும் கத்திரியை எடுக்கவில்லை.

போன் அடித்தது.

“ஏறிட்டேங்க. ஜன்னலோரம்.”

“கண்ணாடிக்கு எவ்வளவு ஆச்சு?”

“பேங்க்ல அதையுமா கேட்டாங்க? நல்லா தெரியுதா, அதைச் சொல்லுங்க.”

“எல்லாம் தெரியுது.”

“சாப்பிட்டீங்களா?”

“இல்லை.”

“போய்ச் சாப்பிடுங்க. நிமிஷத்துக்கு நிமிஷம் காசு ஏறுது, வைங்க.”

அவர் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. தான் பார்த்தே இராத ஒரு நாட்டின் சாலையில் மகளை நோக்கி ஓடும் அந்த பஸ்ஸின் சத்தத்தை, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

“இன்ஜின் நல்லா இருக்கு” என்றார். “நேரத்துக்குப் போயிடுவே.”