சிரிக்கச் சொன்ன ஐந்து நிமிடம்

சிரிக்காத குற்றத்துக்காக ஒரு பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து கவுன்சலிங் கொடுத்தவன் நான். மில் வேலைக்கு வரும் இளம் எச்.ஆர். அதிகாரிகள் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம். அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

1. கொடைக்கானலில் ஞானம் பெற்றது

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகிற ரோட்டில் ஒரு ஸ்பின்னிங் மில். அங்கே நான் தொழிலாளர் நலன் பார்க்கிற பர்சனல் ஆபீசர். ரிட்டையர் ஆக இரண்டு வருடம் இருக்கும்போது முதலாளி என்னைக் கொடைக்கானலுக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். பாசிட்டிவ் மனநிலையும் தொழிலாளர் நலனும் என்பது தலைப்பு. நல்ல குளிர், நல்ல சாப்பாடு. மூன்று வேளையும் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு மனநிலை பாசிட்டிவாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. அது பயிற்சியின் பலன் என்று நினைத்துக்கொண்டு மலை இறங்கினேன்.

வந்ததும், ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிடம் சிரிப்புப் பயிற்சி என்று சர்க்குலர் போட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் பஞ்ச் வைத்ததும் கேண்டீன் முன்னால் நிறுத்தி, கையைத் தூக்கி "ஹா ஹா" என்று சிரிக்க வைப்பேன். மேஸ்திரி ஆரோக்கியம் மட்டும் முதல் நாளே தலையைச் சொறிந்தார்.

"சார், ரிங் ஃபிரேம் ஓடிக்கிட்டே இருக்குமே. இவங்க உள்ள போனாத்தான மொத ஷிப்ட்டு ஆளுங்க வெளிய வர முடியும்?"

"அஞ்சு நிமிஷந்தான ஆரோக்கியம். பாசிட்டிவா நினைங்க" என்றேன்.

நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மெஷினை ஷிப்ட் மாறும்போது நிறுத்துவதில்லை. அறுந்த இழையை ஒட்டுகிற சைடர், அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்கும்வரை தன் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. இது கேட் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். முப்பது வருட சர்வீஸ் போட்ட எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

2. கவுன்சலிங்

செல்வி முதல் ஷிப்ட் சைடர். இழை ஒட்டுவதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. பயிற்சி ஆரம்பித்த ஒரு வாரத்தில் அவர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. எதிரில் போனால் ஒரு வணக்கம்கூட இல்லை. "நெகட்டிவ் மனப்பான்மை" என்று நோட்டில் எழுதி, ஷிப்ட் முடிந்ததும் என் அறைக்கு வரச் சொன்னேன். வேலை நேரத்தில் கூப்பிட்டால் புரொடக்‌ஷன் கெடும் அல்லவா, அந்த அக்கறை.

நாலு பத்துக்கு வந்தார். தலையெல்லாம் பஞ்சு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார். கவனச் சிதறல் என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

"கண்ணை மூடும்மா. உனக்குப் பிடிச்ச எடத்தை நினைச்சுக்க. என்ன தெரியுது?"

"பஸ்ஸு போறது தெரியுது சார்."

"என்ன பஸ்?"

கண்ணைத் திறந்தார். அழுவார் என்று டிஷ்யூ பேப்பர் எடுத்து வைத்திருந்தேன். அவர் அழவில்லை.

"நாலே காலு செம்பட்டி பஸ்ஸு சார். சிரிச்சு முடிச்சு ஆளு உள்ள வரவே நேரமாயிருது, நான் ஸ்டாப்புக்கு ஓடுறதுக்குள்ள அது போயிருது. அதை விட்டா அஞ்சே காலுக்குத்தான். எம் மக ஒண்ணாப்பு படிக்குது. நாலரைக்கு ஸ்கூல் வேன் செம்பட்டி முக்குல எறக்கி விட்டுட்டுப் போயிரும். ஒரு வாரமா அந்த ரோட்டோரம் ஒத்தையில நிக்குது. நீங்க சிரிக்கச் சொல்றீக. நாளையிலருந்து நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன் சார்."

"மேஸ்திரிகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். அவரு உங்ககிட்டச் சொன்னாராம். பாசிட்டிவா நினைக்கச் சொன்னீகளாம்."

மணி நாலு இருபது. அன்றைய பஸ்ஸையும் நானே போகவிட்டிருந்தேன். ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

3. செம்பட்டி முக்கு

வழியெல்லாம் லாரி. ஒவ்வொன்றும் அந்த முக்கை நோக்கியே போவதுபோல் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த செல்வி என் தோளுக்கு மேல் எட்டி எட்டி ரோட்டைப் பார்த்தார்.

வேன் நிற்கிற இடத்தில் பிள்ளை இல்லை. செல்வி ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"இங்கன இருக்குத்தா!" பழக்கடைக்காரம்மா கையைத் தூக்கினார். "லாரி திரும்புற எடத்துல நின்னுச்சு. நாந்தான் இழுத்து உக்கார வச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "யாருய்யா நீ? பச்சப்புள்ளய விட்டுட்டு அம்புட்டுப் பேரும் எங்க போனீக?"

வெல்ஃபேர் பார்க்கிறவன் என்று சொல்ல வாய் வரவில்லை. செல்விதான், "எங்க மில்லு சாரு" என்றார்.

பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது. "சிரிக்கச் சொல்ற சாரா?"

தலையாட்டினேன்.

"எங்கம்மா வீட்டுல நல்லாச் சிரிக்குமே" என்றது.

நான் செல்வி பக்கம் திரும்பினேன். "நாளைக்கு வாம்மா. நாலு மணிக்கு உன் சைடுல ஆள் நிக்கும். இல்லேன்னா நானே நிக்கிறேன்" என்றேன்.

"ஒங்களுக்கு இழை ஒட்டத் தெரியுமா சார்?" என்று கேட்டார் செல்வி. தெரியாது.

மறுநாள் சர்க்குலரைக் கிழித்தேன். ஆரோக்கியத்திடம் மன்னிப்புக் கேட்டேன். முதல் தடவையாக ஒவ்வொரு சைடரிடமும், வேலை முடிந்து எதைப் பிடிக்க ஓடுகிறீர்கள் என்று விசாரித்தேன். முப்பது வருடத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நீங்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

செல்வி வேலைக்கு வந்தார். நான் ரிட்டையர் ஆகும்வரை தினமும் நாலு மணிக்கு என் அறையைத் தாண்டித்தான் கேட்டுக்கு ஓடினார். ஒருநாள்கூட நின்று என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. நலன் என்ற பெயரில் நான் உருப்படியாகச் செய்தது, அவரை அப்படி நிற்காமல் பஸ்ஸுக்கு ஓட விட்டது ஒன்றுதான்.