லைனை அறுக்கும் நாற்காலி

திரை உறைந்தது. சற்குணம் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது: 'ஹோஸ்ட் அன்ரீச்சபிள்'. போக வேண்டிய இடத்தை அடைய முடியவில்லையாம். சிங்கப்பூர் கிளைக்குப் பாதி போயிருந்த சரக்கு விவரம் அந்தரத்தில் நின்றது.

"மறுபடியுமா?" பின்னால் வந்து நின்றார் மேனேஜர் ஸ்ரீஸ்கந்தராஜா.

"நான் ஒண்ணும் தொடல சார்."

"காலையில ரொஸ்னா உக்காந்தா ஓடுது. மத்தியானம் நீங்க உக்காந்தா அறுந்துடுது. நான் என்னன்னு நினைக்கிறது, சொல்லுங்கம்மா."

அவர் நினைத்ததை அலுவலகமே ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது. சியால் சீட். பீடை பிடித்த நாற்காலி. நாற்காலிக்கு ஏது பீடை? உட்காருகிறவளுக்குத்தான்.

பினாங்கின் பாயான் பாருவில் கப்பல் சரக்கு அனுப்பும் சிறிய கம்பெனி அது. ஆண்டு 1997. அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே டெலிபோன் லைன் வழியாகத்தான் வெளியே பேசின.

சற்குணம் டத்தோ கிராமாட்டில் பிறந்தவள், ரயில்வே கிளார்க்கின் மகள். கணவன் பினாங்குச் சாலையில் மோட்டார் சைக்கிளோடு லாரிக்கடியில் போனபோது மகள் ஞானாம்பிகை கைக்குழந்தை. அதன்பின் வந்த ஒரு கல்யாணத்தில் ஆரத்தித் தட்டை எடுக்கப் போனாள். ஒரு கை நீண்டு வந்து தட்டை மெதுவாக நகர்த்தி வைத்தது. ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து எல்லாக் கல்யாணத்திலும் கடைசி வரிசைதான். டைப்பிங் படித்தாள், கம்ப்யூட்டர் பழகினாள், மகளை வளர்த்தாள். அந்தக் கை இப்போது அலுவலகத்துக்குள்ளும் நீண்டு வந்துவிட்டது.

வேலை போய்விடுமோ என்பது ஒரு பயம். அதைவிடக் கேவலமான பயம் ஒன்று உண்டு: தன்னைக் கண்டே தனக்கு வரும் பயம். ஒருவேளை உண்மைதானோ? பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சைக்கு மகள் கிளம்பியபோது எதிரே வந்துவிடக் கூடாதென்று சற்குணம் அடுப்படியில் ஒளிந்துகொண்டாள். "அம்மா, எங்க இருக்கீங்க?" என்று பிள்ளை கூப்பிட்டும் குரல் கொடுக்கவில்லை. ஒரு தாயை அந்த அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்துவதற்குப் பெயர் சம்பிரதாயமாம்!

வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜர் ஐயரை அழைத்துவந்தார். மோடத்துக்குக் குங்குமப் பொட்டு, கம்ப்யூட்டருக்கு மாலை. சற்குணத்தைப் பின்கட்டில் இருக்கச் சொன்னார்கள். அவள் நாற்காலியில், அங்கே காலையில் வேலை பார்க்கும் ரொஸ்னாவை உட்காரவைத்தார்கள்.

"நான் முஸ்லிம், நான் உக்காரலாம். அக்கா வந்து நிக்கக்கூட கூடாதா? என்ன ஞாயம்லா இது?" என்று ரொஸ்னா சத்தமாகவே கேட்டாள். ஐயர் மணியை ஆட்டத் தொடங்கினார்.

அன்று சாயங்காலம்வரை லைன் ஒருமுறைகூட அறுபடவில்லை.

"திங்கக்கிழமை குடோனுக்குப் போங்கம்மா. அங்க இடம் இருக்கான்னு கேட்டுப் பாக்குறேன்," என்றார் மேனேஜர்.

"இல்லன்னா சார்?"

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

சனிக்கிழமை தன் சாமான்களை எடுக்க வந்தாள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆனந்தராஜா மட்டும் இருந்தான். மேனேஜரின் அக்காள் மகன். திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தான். "அடிக்கிறான் பாரு, மறுபடி அடிக்கிறான்!" லைன் அறுந்தது. அவன் திரையிலும் அதே சொற்கள். அவளுடைய நாற்காலியோ காலியாகக் கிடந்தது.

"தம்பி, என்னது அது?"

"சாட்ல ஒருத்தன்கூட சண்டை அன்டி. கேஎல்ல இருக்கான். நம்ம அட்ரஸுக்குப் பொய் மெசேஜ் அனுப்புறான். 'நீ பேசுற இடத்துக்குப் போக முடியாது'ன்னு. வழியில இருக்கிற மெஷினே சொல்ற மாதிரி இருக்கும். நம்ம மெஷின் அத நம்பிப் பேச்சை நிறுத்திக்கும். நியூக்குன்னு பேரு, அணுகுண்டாம்."

"யாரு சொன்னாலும் நம்புமா?"

"கேள்வியே கேக்காது. அதான் ஜோக்கு!"

"எல்லாத்துக்கும் ஒரே லைன்தானே. அப்ப என்னோடதும் சேர்ந்து அறுந்துடுமா?"

அவன் சிரிப்பு நின்றது. "அவன் கண்ண மூடிக்கிட்டு எல்லாத்தையும் அடிக்கிறான் அன்டி..."

"தினம் எப்ப சாட்டு?"

"மத்தியானம் சாப்பிட்டு வந்து."

"வெள்ளிக்கிழமை?"

"பூஜைக்கு மாமா தேங்கா உடைக்கச் சொல்லிட்டாரு, அன்னிக்கு சாட்டே இல்ல." அவன் முகம் வெளுத்தது. "அன்டி, மாமாட்ட சொல்லிடாதீங்க. ப்ளீஸ்லா."

இரண்டு இரவுகள் அவளுக்குத் தூக்கமில்லை. சொன்னால் மேனேஜர் வீட்டுப் பையனைக் காட்டிக்கொடுத்தவள். சொல்லாவிட்டால் பீடை. மெஷினுக்குச் சந்தேகப்பட யாரும் சொல்லித்தரவில்லை, அதனால் பொய்யை நம்பியது. பள்ளிக்கூடம் போன மனிதர்களுக்கு என்ன வந்தது?

திங்கட்கிழமை குடோனுக்குப் போகாமல் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேனேஜர் வந்ததும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஆனந்தராஜாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் தரையைப் பார்த்துத் தலையாட்டினான்.

மேனேஜர் கம்ப்யூட்டரில் காய்ந்து தொங்கிய மாலையைச் சரிசெய்தார். பிறகு, "சரி, இனிமே இவன் சாட் பண்ண மாட்டான். நீங்க இங்கயே இருங்க. பூஜை போட்டதாலதான் உண்மை வெளிய வந்துச்சு, பாத்தீங்களா?" என்றார்.

ரொஸ்னா களுக்கென்று சிரித்தாள். சற்குணத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"சார், என்னை சியால்னு சொன்னது தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க." குரல் அவளுடையது போலவே இல்லை.

அவர் கிரேத்தா சாவியைத் தேடி எடுத்தார். "கஸ்டம்ஸ்ல வேலை இருக்கு," என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

உட்கார்ந்தாள். கன்டெய்னர் நம்பரைத் தப்புத் தப்பாக அடித்தாள்.

ரொஸ்னா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "அக்கா, நீங்க வாசிங்க, நான் அடிக்கிறேன்."

"வேணாம்லா," என்றாள் சற்குணம். "நானே அடிக்கிறேன்."