தேயிலைப் பெட்டியில் வைத்த அரிசி

ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த தோட்டமொன்றில் நான் தொழிற்சாலைக் கணக்கனாக இருந்தேன். பெரிய யுத்தம் முடிந்து, அரிசிக்குத் தட்டுப்பாடு வந்திருந்த காலம். மழையில் பாதை அடைபட்டால் சனங்களுக்கு உதவுமென்று துரை மூட்டைகளை முன்கூட்டியே தருவித்தார். ஆவணியில் அவை மாட்டுவண்டியில் மலையேறி வந்தன, வழியெல்லாம் பனிமூட்டம்.

முந்திய வருடத்துச் சேமிப்பை எலியும் வண்டும் தின்றிருந்தன. ஆகவே இம்முறை ஈயத்தகடு பொதிந்த தேயிலைப் பெட்டிகளில் அரிசியைக் கொட்டி, மூடி விளிம்பை ஈயம் உருக்கிப் பற்றவைத்தோம். சீமைவரை கப்பலில் போகும் தேயிலை அப்படித்தானே கெடாமல் போகிறது? எங்களில் ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. பெட்டி போதாமல் மிஞ்சிய நான்கு மூட்டைகளை, தேயிலை வறுக்கும் அடுப்புக்கு மேலிருந்த பரணில் போட்டோம்.

கார்த்திகையில் மண் சரிந்து பாதை போயிற்று. தொழிலாளர் குடியிருந்த கீழ் லயத்துக்குள் சேறு புகுந்தது. அங்கிருந்த குடும்பங்களைக் கொழுந்து வாட்டும் மாடியில் தங்கவைத்துவிட்டு முதல் பெட்டியைத் திறந்தோம். புழுங்கின நாற்றம் முகத்தில் அடித்தது. அரிசி கட்டி கட்டியாகப் பச்சைப் பூஞ்சணம் பூத்திருந்தது. அடுத்ததும் அப்படியே. எல்லாமே அப்படித்தான்.

அண்மையில் பிள்ளை பெற்றிருந்த ஒருத்தி ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"நல்லாக் கழுவி வடிச்சாப் போயிறாதா மாமா?"

"நீ திங்கிறதுதான் பிள்ளைக்குப் பாலு. கையக் கழுவு," என்றார் கங்காணி. பெட்டிகளைப் பற்றவைத்த அன்று மூடிகளை அழுத்திப் பிடித்தவர் அவர்தான். பிறகு என் பக்கம் திரும்பினார். "தேயிலைய ஈரம் போக வறுத்துல்லங்க பெட்டியில போட்டோம். அரிசிய யாருங்க வறுத்தா?"

பரண் மூட்டைகளை இறக்கினோம். வண்டு மொய்த்தது, அரிசி மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது. பெண்கள் சுளகில் புடைத்தார்கள்.

"இத்தன வண்டு தின்னுட்டு உசிரோடதான இருக்கு," என்றாள் ஒருத்தி. சிலர்தான் சிரித்தார்கள்.

மாடி முழுவதற்கும் அந்த நான்கு மூட்டைகள்தான். கஞ்சி நாளுக்கு நாள் நீர்த்தது. தாய்க்குப் பால் வற்ற, குழந்தையின் அழுகை மெலிந்தது. அது நின்றுவிடுமோ என்று எல்லாரும் செவிகொடுத்தே கிடந்தோம்.

மார்கழி பிறந்தபின் தலைச்சுமையாக அரிசி வந்தது. மூட்டைகள் நனைந்திருந்தன. கங்காணி அடுப்பை மூட்டச் சொல்லி, அரிசியைச் சாக்குகளில் பரப்பத் தொடங்கினார். அந்தத் தாய் பானையோடு வந்து நின்றாள்.

"எனக்கு ஒலையில போட்டுட்டு மிச்சத்தக் காய வைங்க மாமா."

அவர் இரு கையாலும் அள்ளிப் போட்டார்.

சில நாள் கழித்துக் குழந்தை உரக்க அழுதது. அந்த அழுகையை அமர்த்த உடனே ஒருவருக்கும் மனம் வரவில்லை.