படலையடி இருமல்

என் வீட்டுக்காரர் கோணாமலை கிரானில் வயல் செய்கிறவர். கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருஷமாக, நாவற்குடாவில் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில்தான் இருக்கிறார். வயலால் வந்தால் வாசல் படலையடியில் நின்று இரண்டு தரம் இருமுவார். பிறகுதான் உள்ளே வருவார். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்திலும் இருமுகிறார் என்று பக்கத்து வீட்டார் சொல்லியிருக்கிறார்கள்.

நான் முன்பள்ளி ஆசிரியை. வாய் கொஞ்சம் நீளம். டிப்ளோமா இல்லாவிட்டால் வேலை நிலைக்காது என்றதால் சனிக்கிழமைகளில் புளியந்தீவில் உளவியல் படிக்கிறேன். அன்று ஷெரோன் மிஸ் தூண்டல், துலங்கல் படிப்பித்தார். சாப்பாடு வைக்கும்போதெல்லாம் மணி அடித்து வந்தால், பிறகு வெறும் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு வாயூறுமாம். "வீட்டிலயிருந்து ஒரு உதாரணம் சொல்லுங்க" என்றார். முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் எழும்பினேன். படலையைக் கண்டதும் இருமும் மனிசனை நடித்தே காட்டினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "அப்ப அண்ணனுக்கு வாயும் ஊறுமா?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து றோசம்மா கேட்க, நானும் சேர்ந்து சிரித்தேன்.

மிஸ் சிரிக்கவில்லை. "நல்ல உதாரணம். ஆனா படலை சும்மா ஆரையும் இரும வைக்காது. முதல்ல அந்தப் படலையோட சேர்ந்து என்ன வந்தது?"

"தெரியா மிஸ்" என்றேன். பொய். எனக்குத் தெரியும்.

கலியாணம் முடித்து மூன்றாம் மாதம், அவர் சொல்லாமல் கொள்ளாமல் தன் அம்மாவை, என் மாமியைக் கூட்டி வந்தார். மாமி கையில் எனக்கென்று ஒரு தயிர்ச்சட்டி. என் சிநேகிதிகள் இருந்த நேரம். "ஆரைக் கேட்டு உள்ள கூட்டி வந்தீங்க? இது என்ட வீடு" என்றேன், மாமி காதில் விழ. அவர் அடுத்த பஸ்ஸில் மாமியைத் திருப்பிக் கூட்டிப் போனார். சாகும் மட்டும் மாமி இந்த வாசலை மிதிக்கவில்லை. இருமல் அதற்குப் பிறகு வந்ததுதான். அதைத்தான் இருபது பேருக்கு முன்னால் நாயோடு சேர்த்துச் சொல்லிச் சிரித்தேன்.

அன்று பின்னேரம் படலையைத் திறந்துவைத்து நானே போய் நின்றேன். மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர், என்னைக் கண்டும் இருமினார்.

"இனி நீங்க இப்பிடி இரும வேணாம்" என்றேன். இது உங்கட வீடுதானே என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன், பக்கத்து வீட்டுக்கும் கேக்குதாமா?" என்றார். "சரி, இனி மெதுவா இருமுறன்."