நூலக்கா பார்த்த மைலேஜ்

எங்கள் சோதனைக்கூடத்தில் கார்கள் ஓடும், ஆனால் நகராது. தரையில் பதித்த இரும்பு உருளைகளின் மேல் சக்கரங்கள் சுழலும். முன்னால் ஆளுயர மின்விசிறி காற்றை வீசும். ஓட்டுபவரின் கண்ணெதிரே ஒரு திரையில் மேலும் கீழுமாக ஒரு கோடு போய்க்கொண்டிருக்கும். அந்தக் கோட்டை விட்டு விலகாமல் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அரை மணி நேரம், இருபத்து மூன்று கிலோமீட்டர். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, வண்டி விடும் புகையைப் பிடித்து அளந்து, அது எவ்வளவு பெட்ரோல் குடித்தது என்று எழுதுவது என் வேலை. அந்தப் பக்கம், பத்தொன்பது வருடமாக, நூலக்கா.

நூல் பிடித்தாற்போல் ஓட்டுவதால் அந்தப் பெயர். இயற்பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் வரும். மற்றவர்கள் ஓட்டினால் கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் பிசிறு தட்டும். நூலக்கா ஓட்டினால் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு விழுந்தது போல் இருக்கும். "குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டுறதுன்னு சொல்வாங்களே, அதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆள் நான்தான்" என்று அவரே சிரிப்பார். ஒரு நாள் யாரோ அவர் ஓட்டிய தூரத்தைக் கூட்டிப் பார்த்து, "நூலக்கா, நீங்க கிட்டத்தட்ட நிலாவுக்குப் போய்ச் சேந்துட்டீங்க" என்றார்கள். "போனா என்ன, இறங்க இடமில்லையே" என்றார் அவர்.

ஜன்னல் இல்லாத அறை அது. கோடையோ குளிரோ, உள்ளே எப்போதும் இருபத்து மூன்று டிகிரி. ஒரே கோடு, ஒரே ஏற்ற இறக்கம், தினம் நான்கு முறை. தூக்கம் வராதா என்று ஒருமுறை கேட்டேன். வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னார்.

"நான் ஒரு ரோடு வச்சிருக்கேன். முதல்ல நிக்கிற இடத்துல ஒரு மஞ்ச வீடு. மாடியில யாரோ துணி காயப் போட்டுக்கிட்டிருப்பாங்க. ஏழாவது நிமிஷம் ஒரு பாலம். கடைசில வேகம் ஏறுதே, அது தண்ணியோரமா போற ரோடு. வலது பக்கம் பூரா வெளிச்சமா இருக்கும்."

"எந்த ஊர்ல பாத்தது?"

"எந்த ஊர்லயும் இல்ல. கோடு எப்படிப் போகுதோ அப்படி நானே போட்டுக்கிட்டது."

அன்றிலிருந்து கடைசி ஐந்து நிமிடத்தில் அவர் தலை லேசாக வலப்பக்கம் சாய்வதைப் பார்க்க ஆரம்பித்தேன். மின்விசிறிக் காற்று முகத்தில் படக் கண்களைச் சுருக்கிக்கொள்வார், வெயில் பட்டது போல.

இத்தனை ஓட்டியவர் வேலைக்கு வருவது பேருந்தில். வீட்டில் கார் இருந்தாலும் கணவர்தான் ஓட்டுவார். அவர் இசைக்குழுவில் டபுள் பேஸ் வாசிப்பவர். ஆள் உயரத்துக்கு, வயலினின் பெரியப்பா மாதிரி இருக்கும் அந்த வாத்தியம். அதையும் ஏழாவது படிக்கும் மகளையும் ஏற்றிக்கொண்டு பழைய கார் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. கணவரின் அக்கா கால் முறித்துக்கொண்டதில்தான் அந்த ஏற்பாடு குலைந்தது.

நூலக்கா அண்ணி என்று அழைக்கும் அந்த அக்கா இருந்தது மலைக்கு அப்பால், கடலோர ஊரில். படகுத்துறை ஒலிபெருக்கியில் "பயணிகள் கவனத்திற்கு" என்று படகு நேரம் அறிவிக்கிற வேலை. தனியாள். விளக்கு மாற்ற ஏணி ஏறி விழுந்து, தொடை எலும்பு உடைந்து, இடுப்பிலிருந்து பாதம் வரை கட்டு. தம்பி வீட்டோடு வந்து இருக்கச் சொன்னதற்கு, "கடல் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வராது" என்று மறுத்துவிட்டார். ஆனால் எலும்பு வைத்தியர் இங்கேதான் இருந்தார். ஆக, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மலை தாண்டிப் போய் அழைத்து வந்து, காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். பழைய காரில் காலை நீட்ட முடியவில்லை. முதல் பயணத்தில் மலை ஏற்றத்தில் அது மூச்சு வாங்கி நின்றேவிட்டது.

"பெரிய வண்டிதான் வேணும். பின்பக்கம் நீளமா, எஸ்டேட்னு சொல்வாங்களே, அந்த மாதிரி கார். இன்ஜினும் பலமா இருக்கணும்" என்றார் கணவர்.

"பலமா இருந்தா தண்ணியா குடிக்கும்" என்றார் நூலக்கா.

இருவரும் கார் கடைக்குப் போனார்கள். அடர்பச்சை நிறத்தில் ஒரு எஸ்டேட் நின்றது. ஒரே உடம்பு, இரண்டு இன்ஜின்கள். சின்னது லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர், பெரியது பதிமூன்றரை என்று விற்பனையாளர் அட்டையைக் காட்டினார். சின்னதைப் போல இரண்டு பங்கு குதிரைத்திறன் என்றதும் கணவரின் முகம் மலர்ந்தது.

"இந்தப் பதிமூன்றரை வந்து, நம்பி எடுத்துக்கலாம்மா. சோதனைக்கூடத்துல அளந்தது" என்று விற்பனையாளர் நூலக்காவுக்கு விளக்கினார்.

நூலக்கா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்துக்கு முன் அந்த வண்டியை, இரண்டு இன்ஜினிலும், உருளை மேல் ஓட்டியது அவர்தான். அந்தக் காரின் இருக்கை வாசனை கூட நினைவிருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். பெடலை மிதித்த அவருடைய காலையே அவருக்கு விற்றுக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. மூன்றரை கிலோமீட்டர் வித்தியாசம் சும்மாவா என்று நூலக்கா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கணவர். சுரைக்காயை விளைவித்தவர் என்ற முறையில் நூலக்காவுக்குக் கோபம் வந்தது. "சரி, ரெண்டையும் நம்ம ரோட்டுலயே ஓட்டிப் பாத்துடலாம். டேங்கை முட்ட முட்ட நிரப்பிக் கிளம்புவோம், திரும்பி வந்து மறுபடியும் முட்ட நிரப்புவோம். ரெண்டு தடவையும் நான்தான் ஓட்டுவேன். கால் மாறினா கணக்கு மாறிடும்."

விற்பனையாளர் முதலில் மழுப்பினார். அளந்தவரே இவர்தான் என்று தெரிந்ததும், வண்டிக்கு ஒரு வார இறுதி என்று இரண்டையும் கொடுத்துவிட்டார்.

முதலில் சின்ன இன்ஜின். கடலோரத்திலிருந்து திரும்பும் பயணத்தில் முன்னிருக்கையை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, காலை நீட்டி அண்ணி உட்கார்ந்தார். பின்னால் கணவரும் மகளும், அவர்களுக்கு நடுவே, நிஜமான பாரம் வேண்டும் என்று ஏற்றிய டபுள் பேஸின் கழுத்து. சக்கர நாற்காலி கூரைப் பெட்டியில். நூலக்கா ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கண்கள் தன்னையறியாமல் திரையைத் தேடின. திரை இல்லை. ரோட்டின் ஓரத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டார். சமவெளியில் வண்டி அழகாகத்தான் போனது. மலை தொடங்கியதும் இன்ஜின் அலறியது. மிதித்தால் சத்தம் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. ஒரு கல் லாரியின் பின்னால் பதினெட்டு வளைவுகள், முந்த வழியே இல்லாமல்.

"பயணிகள் கவனத்திற்கு" என்றார் அண்ணி, தன் துறைமுகக் குரலில். "லாரி முதலாம் துறையிலிருந்து புறப்படும் அறிகுறி தென்படவில்லை. பயணிகள் தங்கள் கால்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளவும்."

நூலக்காவுக்கே சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் வீட்டருகே பெட்ரோல் பங்கில் டேங்க் நிரம்பியபோது சிரிப்பு போய்விட்டது. போனது வந்தது எல்லாம் சேர்த்து லிட்டருக்குப் பதினொன்று புள்ளி எட்டு. பதினேழு எங்கே போயிற்று? "மலை ஏத்தம், ஆளுங்க, கூரைப் பெட்டி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இதுவே பன்னிரண்டைத் தொடவில்லை என்றால் பெரிய இன்ஜின் எட்டில் நிற்கும், வாக்குவாதம் அத்தோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பெரிய இன்ஜின். அதே ஆட்கள், அதே நாற்காலி, அதே வாத்தியம். அன்று காலையிலிருந்தே மூடுபனி. மலையில் ஏறத் தொடங்கியபோது நூலக்கா வழக்கம்போல மிதிக்கப் போனார். மிதிக்கத் தேவைப்படவில்லை. காலை வைத்ததும் வண்டி, தூக்கத்தில் புரண்டு படுப்பவர் போல, சத்தமில்லாமல் மேலே போனது. ஒரு லாரி வந்தது. நேர்வழி தெரிந்த ஓர் இடத்தில் மூன்று நொடியில் அதைத் தாண்டினார். தாண்டிய பிறகுதான் தாண்டியது உறைத்தது.

"யாரு, நம்ம நூலா இது?" என்றார் கணவர்.

உச்சியைக் கடந்து இறங்கும்போது பின்னால் பேச்சு ஓய்ந்தது. கணவர் வாத்தியத்தின் கழுத்தில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். மகளும் தூங்கிவிட்டாள். கண்ணாடியில் அவர்களுடைய மூச்சு ஆவியாகப் படிந்திருந்தது. பத்தொன்பது வருடத்தில் உருளை மேல் தான் ஓட்டிய எந்த வண்டியிலும் இன்னொருவர் மூச்சு விட்டதில்லை என்று அப்போது தோன்றியதாம். பனிக்குள் ரோடு பாதி இருந்தது, பாதி இல்லை. மரங்கள் வந்து, நின்று பார்த்துவிட்டு, போயின.

ஓரிடத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. வழி தெரியும், இடப்பக்கம்தான். ஆனால் வலப்பக்க ரோடு பிரிந்து வளைந்த விதம் அவருக்குப் பழக்கமானதாக இருந்தது. கால் தானாக அழுத்தியது, கை தானாகத் திரும்பியது. பனி விலகியபோது வலது பக்கம் பெரிய ஏரி. தண்ணீர் முழுக்க வெளிச்சம்.

"இது நம்ம வழி இல்லையே" என்றார் அண்ணி மெல்ல.

"தெரியும் அண்ணி."

"சுத்தா?"

"முப்பது கிலோமீட்டர் இருக்கும்."

அண்ணி தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். "அப்ப மெதுவாவே போம்மா. எனக்கென்ன, காலு நீட்டியாச்சு."

ரோடு தண்ணீரை ஒட்டியே போனது. ஒரு மீன் வலைக்காரர் படகில் நின்றபடி இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். நூலக்காவும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டினார். சோதனையின்போது கையை எடுத்தால் அந்த ஓட்டமே செல்லாது என்பது அவருக்குப் பிறகுதான் நினைவு வந்தது.

பங்கில் டேங்க் நிரம்பியது. குழாயை வைத்துவிட்டு, சுற்றிய முப்பதையும் சேர்த்து நோட்டில் வகுத்தார். மறுபடியும் வகுத்தார். கணவரிடம் கொடுத்து அவரையும் வகுக்கச் சொன்னார். பதினொன்று புள்ளி ஒன்று.

அட்டையில் மூன்றரையாக இருந்த வித்தியாசம் அவர்களுடைய ரோட்டில் ஒன்றுகூட இல்லை. சின்ன இன்ஜின் பாரத்தோடு ஏறத் தன் முழுப் பலத்தையும் எரித்திருக்கிறது. பெரியதற்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை.

"நான்தான் சொன்னேனே" என்று கணவர் ஆரம்பித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். "ஏம்மா, உன் எண்ணு பொய்யின்னா சொன்னேன்?"

"பொய் இல்லங்க. நான் அளந்தது நிஜம்தான். ஆனா அந்தப் பதினேழுல யாருமே இல்ல. நீங்க இல்ல, பாப்பா இல்ல, அண்ணி காலு இல்ல. மலை கூட இல்ல." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதற்கு அழுகை என்று மகள் கேட்டதற்கு, பெட்ரோல் வாடை என்றார்.

ஊருக்குள் ஓட்டினால் பெரிய இன்ஜின் எட்டுதான் கொடுக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர். இன்ஜின் சூடேறுவதற்குள் பள்ளி வந்துவிடும். அந்த மாதிரிக் குட்டி ஓட்டத்தில்தான் வண்டி அதிகம் குடிக்கும். அதனால் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மகளுக்கு சைக்கிள், கணவருக்கு ஒத்திகை இல்லாத நாளில் நடை, பெரிய வண்டி மலைக்கு. கணவர் தொப்பையைத் தடவிக்கொண்டே சம்மதித்தார். அடர்பச்சை வண்டி வீட்டுக்கு வந்தது.

திங்கட்கிழமை இதையெல்லாம் என்னிடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து சொன்னார். மதியம் மேலாளரின் அறைக்குப் போனார். வண்டியின் பின்னால் அளவுகருவியை மாட்டி நிஜ ரோட்டில் ஓட்டும் சின்னக் குழு ஒன்று எங்களிடம் உண்டு. வெயிலிலும் மழையிலும் அலைய வேண்டும் என்பதால் அதற்கு யாரும் விரும்பிப் போவதில்லை.

"நீங்க ரோட்டுக்குப் போயிட்டா இங்க நூல் யாரு பிடிக்கிறது?" என்றார் மேலாளர்.

"மூணு நாள் இங்க பிடிக்கிறேன் சார். ரெண்டு நாள் விட்டுடுங்க."

விட்டார்கள். முதல் மாதம் ரொம்பத் திணறினார். சிக்னலில் பச்சை விழுந்தும் கோட்டுக்காகக் காத்திருந்து, பின்னால் வந்தவர்களிடம் வசவு வாங்கினார். வெயிலில் முகம் கறுத்தது. மதியச் சாப்பாட்டை ரோட்டோரத்தில் சாப்பிடப் பழகினார். ரோட்டிலிருந்து வரும் நாட்களில் அவர் எழுதித் தரும் தாளில் எண்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள் இருக்கும்: எதிர்க்காற்று, பள்ளி விடும் நேரம், ஒரு நாய் குறுக்கே வந்தது. அவற்றை அறிக்கையில் சேர்க்க இடம் கிடையாது. நான் அந்தத் தாள்களைத் தனியாக ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

அண்ணியின் கட்டை ஆறாவது மாதம் பிரித்தார்கள். கைத்தடியோடு நடந்தவர், தடியையும் விட்டபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சாவியைக் குடு" என்றாராம். படகுத்துறையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஆறு கிலோமீட்டர், காலியான நேர் ரோடு. முறிந்த காலாலேயே வண்டியை அப்படி ஒரு மிதி மிதித்திருக்கிறார். பின்னால் கணவரும் மகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கத்த, பக்கத்தில் நூலக்கா ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, தலைமுடி கலைய உட்கார்ந்திருந்தாராம்.

"அன்னிக்கு மைலேஜ் எவ்வளவு குடுத்துச்சு?" என்று கேட்டேன்.

"பாக்கல" என்றார் நூலக்கா. பிறகு உருளை மேல் நின்றிருந்த வெள்ளைக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, விசிறியைப் போடச் சொல்லிக் கை காட்டினார்.