மாமன் கையிலிருந்து இறங்கினேன்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்பு, பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையோரம் இருக்கும் எங்கள் ஊரில் எனக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாணக் கதை என்றால் சிரித்த முகத்தோடு கேட்க உட்காருவீர்கள். இது அப்படிப்பட்ட கதை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு வழக்கப்படி கல்யாணப் பெண்ணைப் பிள்ளையார் கோவிலில் கும்பிட வைத்து, அங்கிருந்து பந்தல் மணவறை வரைக்கும் தாய்மாமன் தூக்கிக்கொண்டு வரவேண்டும். வழியில் பெண்ணின் கால் தரையில் படக்கூடாது. பட்டால் மாமனுக்குத்தான் மானக்கேடு. தெம்பில்லாதவன் என்று ஊர் காலத்துக்கும் சொல்லிக் காட்டும். நானோ கம்பங்களியும் கட்டித் தயிருமாகத் தின்று வளர்ந்தவள். கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து என்னைப் பார்த்தவர்கள் எல்லாம், மாமன் பாடு திண்டாட்டம்தான் என்று கேலி செய்தார்கள். மாமா மட்டும், "நெல்லு மூட்டை தூக்கற கை இது. இவ ஒரு கனமா?" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்த மாமாவுக்கு ஒரு மாதமாகவே உடம்பு சரியில்லை. அத்தையைத் தவிர யாருக்கும் அது தெரியாது. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும்போது, மாட்டோடு சரிவில் ஏறி இறங்க வேண்டுமல்லவா? அப்போது நெஞ்சில் பாரம் ஏற்றிய மாதிரி இருக்குமாம். கொஞ்ச நேரம் நின்றால் விட்டுவிடுமாம். வாயு என்று முடிவு கட்டி, பூண்டைச் சுட்டுத் தின்றார். ஓமத் தண்ணீர் குடித்தார். மொச்சையைக் கண்ணில் காட்டாதே என்றார். எங்கள் பக்கத்தில் கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே எங்கே வலித்தாலும் அது வாயுதான். வேறு பெயர் எங்களுக்குத் தெரியாது.

"அம்மிணிய வேற யாராச்சும் தூக்கட்டுமுங்க" என்று அத்தை ஒரு நாள் சொல்லிப் பார்த்தாராம். மாமா அடிக்காத குறை. அதற்குக் காரணம் இருந்தது. என் அம்மாவுக்கு உடன்பிறந்தவர் இவர் ஒருவர்தான். இவரால் முடியாது என்றால் இவருடைய பெரியப்பா மகன்தான் அந்த முறையைச் செய்ய வரவேண்டும். அவருக்கும் மாமாவுக்கும் பொதுக் கிணற்றில் யார் எப்போது இறைப்பது என்று தகராறு வந்து, பேச்சு நின்று வருஷக்கணக்கு ஆகிவிட்டது. "அவன் தூக்கி எம்பட அக்கா மவ கல்யாணம் நடக்கறதுக்கு நாஞ் செத்துப் போயிரலாம்" என்றாராம் மாமா. அதற்குப் பிறகு அத்தை வாயே திறக்கவில்லை.

வைகாசி மாதம். முகூர்த்தம் கொஞ்சம் தாமதமாக வைத்திருந்ததால் நான் கோவிலில் கும்பிட்டு எழுந்தபோதே வெயில் சுள்ளென்று அடித்தது. மாமா தலையில் உருமால் கட்டி, புது வேட்டியோடு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மேளம் முழங்க, என்னை ஒரே மூச்சில் தூக்கிவிட்டார். கூட்டத்தில் எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள்.

பாதி வழிகூட வந்திருக்காது. அவருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. என் கனத்தால்தான் என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. அப்புறம் என் கழுத்தில் வேர்வை சொட்டியது. அந்த வெயிலிலும் அது ஜில்லென்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். என் முதுகைத் தாங்கியிருந்த அவருடைய இடது கை நடுங்கிற்று, தளர்ந்தது, மறுபடி இறுகிற்று.

"மாமா, என்னைய எறக்கி உடுங்க."

"பேசாம இரு சாமி. வந்துட்டோம்."

எங்கே வந்தோம்? பந்தல் இன்னும் தூரத்தில் இருந்தது. கல்யாணப் பெண் குனிந்த தலை நிமிரக்கூடாது, வாய் திறக்கக்கூடாது என்று அம்மா எனக்குப் பாடம் சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில் ஒரு பாடமும் ஞாபகத்தில் இல்லை. இவர் என்னைத் தூக்கியபடியே சாகப் போகிறார் என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. அவர் கையை விலக்கிவிட்டு, காலைக் கீழே ஊன்றிவிட்டேன்.

மேளம் நின்றது. பெண்கள் "ஐயோ" என்றார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா என்னைப் பார்த்தார் பாருங்கள், ஓங்கி அறைந்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மறு நிமிஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

ஆளுக்கு ஒரு வைத்தியம் கிளம்பியது. ஒருவர் சோடா உடைக்க ஓடினார். ஒருவர் விளக்கெண்ணெயைக் கொண்டுவந்து நெஞ்சைப் பிசையக் குனிந்தார். கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் எடுத்து வந்தாள் ஒருத்தி. இன்னொருவர் மாமாவின் அக்குளில் கை கொடுத்து, "நாலு எட்டு நடந்தா வாயு கலைஞ்சு போயிருமுங்க" என்று எழுப்பப் பார்த்தார்.

"அவரை விடுங்கள்! எழுப்பாதீர்கள்!" என்று ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளை வீட்டாரோடு வந்திருந்த ஒரு டாக்டர். என் கொழுந்தனாரோடு படித்தவராம். எங்கள் ஊருக்கும் உறவுக்கும் சம்பந்தமில்லாதவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மண்ணிலேயே மண்டியிட்டு, மாமாவின் நாடியைப் பிடித்தார்.

"வலி கைக்கு இறங்குகிறதா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வாயுங்க."

"இதற்கு முன்னால் வந்திருக்கிறதா? நடந்தால் வருமா?"

"இல்லீங்க."

"ஆமாங்க!" என்றார் அத்தை. புருஷன் பேச்சை நாலு பேர் முன்னால் மறுத்து அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "கவலை ஓட்டறப்பெல்லாம் வருதுங்க. நின்னா உட்டுருதுங்க. எடது கை மரத்துப் போகுது, தாடையெல்லாம் நோவுதுன்னு ராத்திரி அளுதாருங்க. அவரு பொய் சொல்றாருங்க, நம்பாதீங்க!" மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் என் அப்பாவைத் தனியாக அழைக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். இது வாயு இல்லை, இருதயம். இவர் இனி ஓர் அடிகூட நடக்கக்கூடாது. உடனே நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஊர்வலத்துக்காகச் சேலத்திலிருந்து வாடகைக்குப் பிடித்த மோட்டார் கார் பூமாலை சுற்றி ரோட்டில் நின்றது. அதில் போகலாம். ஆனால் வாய்க்கால் கரையில் கார் வராது. ரோடு வரைக்கும் கட்டிலில் படுக்க வைத்துத் தூக்கிப் போக வேண்டும்.

கட்டில் என்றதும் ஒருவரும் அசையவில்லை. முகூர்த்த நேரத்தில், கல்யாண வீட்டிலிருந்து ஒரு மனிதனைப் படுக்கவைத்து நாலு பேர் தூக்கிப் போவதா? அப்பா என்னைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். யாரோ ஒரு பெரியவர், தாலி கட்டி முடியட்டும், அதற்குள் என்ன ஆகிவிடும் என்று இழுத்தார். பொழுது போய்க்கொண்டே இருந்தது. மாமாவின் மூச்சு எனக்குக் கேட்டது. நான் அழுதேன். அதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்போது பந்தலுக்கு வெளியே தள்ளி நின்ற ஒருவர் தோளில் கயிற்றுக் கட்டிலோடு வந்தார். மாமாவோடு பேச்சில்லாத அந்தப் பெரியப்பா மகன், அவருடைய பங்காளிதான். அவர் கட்டிலை இறக்கிப் போட்டுவிட்டு, "உசுரோட இருக்கறவனத் தூக்கறதுக்குச் சகுனம் என்னங்க சகுனம்? இன்னும் மூணு பேரு வாங்க" என்றார். மாமா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். "நீயா?" என்றார். "நாந்தான். வாய மூடிட்டுப் படு" என்று சொல்லி, கட்டிலின் தலைமாட்டுக் காலைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். டாக்டர் கூடவே நடந்தார். பந்தியில் உட்காராமலே போய்விட்ட அந்த மனிதர் பெயரைக்கூட அன்றைக்கு நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

முறைக்காரர்கள் இருவருமே போய்விட்டதால் என்னைத் தூக்க யாரும் இல்லை. நான் நடந்தே மணவறைக்குப் போனேன். மாமியார் வீட்டுப் பெண்கள் முணுமுணுத்தார்கள். தாலி ஏறும்போது மாமா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தேன். ஊர்வலம் மாட்டு வண்டியில் நடந்தது. பொழுது சாயும் சமயத்தில் கார் திரும்பி வந்தது. ஊசி போட்டிருக்கிறார்கள், உயிர் இருக்கிறது என்று டிரைவர் சொன்ன பிறகுதான் அம்மா பச்சைத் தண்ணீர் குடித்தாள்.

வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்துவிட்டுத்தான் மாமாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும், நெஞ்சைப் பிசைந்து நடக்க விட்டிருந்தாலும் அன்றே முடிந்திருக்கும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். நான் பார்க்கப் போனேன். மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன். முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"அன்னைக்கு மண்ணு கால்ல சுட்டுதா சாமி?"

"இல்லீங்க மாமா."

"சுட்டிருக்கும். எனக்குத் தெரியும்" என்றார். அவர் தோள் குலுங்கியது. உணர்ச்சிவசப்படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று பயந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

யுத்தம் முடியும் வரைக்கும் மாமா இருந்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் கவலை ஓட்டவே இல்லை. பொதுக் கிணற்றில் அவருடைய முறைக்கும் சேர்த்து அந்தப் பங்காளியே ஓட்டினார். எங்கள் வீட்டில் இன்றைக்கு யாராவது நெஞ்சைத் தடவிக்கொண்டு வாயு என்றால் நான் லேசில் விடமாட்டேன். நடந்தால் வருகிறதா, நின்றால் விடுகிறதா, கைக்கோ தாடைக்கோ போகிறதா, வேர்க்கிறதா என்று கேட்டுத் துளைத்து, வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. என்னை அதிகாரக்காரி என்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும். மாமாவுக்குத் தன் வலி தெரியாமல் இல்லை, சொன்னால் என்னைத் தூக்கும் உரிமை போய்விடுமே என்றுதான் மறைத்தார் என்பதை நினைக்கும்போது, என் மேல் அவர் வைத்திருந்த பாசத்துக்கே அவரைப் பலி கொடுக்க இருந்தோமே என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.